கூரையில்லாத பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கு வைஃபை: 45,000 இருக்கைக்கு எப்படித் திட்டமிடுவது?

கேட்டது இது. அமெரிக்க மிட்வெஸ்ட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். 45,000 பேர் உட்காரும் பழைய அமெரிக்க ஃபுட்பால் ஸ்டேடியம். கூரை கிடையாது, கான்கிரீட் படிகளின் மேல் அலுமினிய பெஞ்சுகள். அடுத்த சீசனுக்குள் வைஃபை வேண்டும் என்று விளையாட்டுத் துறை கேட்கிறது. நெட்வொர்க் குழுவில் இருக்கும் உங்கள் தலையில் அது வந்து விழுந்திருக்கிறது. எத்தனை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) தேவைப்படும், அவற்றை இருக்கைக்கு அடியில் வைப்பதா உயரத்தில் தொங்கவிடுவதா, வைஃபையின் புது அலைவரிசையான 6 கிகாஹெர்ட்ஸை இப்போதே எடுத்துக்கொள்ளலாமா, வேலையை நாமே செய்துவிடலாமா என்று நான்கு கேள்விகள்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலரிக்கு மட்டும் 450 முதல் 600 வரை, மற்ற இடங்களையும் சேர்த்தால் 700 பக்கம் போகும். உங்கள் பெஞ்சுகளுக்கு இருக்கையடியும் சரிவராது, உயரமும் முழுக்கச் சரிவராது. படிக்கட்டு ஓரக் கைப்பிடிக் கம்பிகள்தான் இடம். 6 கிகாஹெர்ட்ஸை மூடிய அறைகளில் இன்றே போடலாம், வெறும் வானத்துக்குக் கீழே போடத் தனி விதிகள் உண்டு. ரேடியோ வடிவமைப்பை வெளியே கொடுங்கள். மற்றதை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

எண்ணிக்கைக்குள் போகுமுன் ஒன்று. அரைகுறை வைஃபை போடுவதற்கு வைஃபையே போடாமல் இருந்துவிடலாம். போன் நடந்துகொள்ளும் விதம் அப்படி. பழகிய வைஃபை பெயர் எங்கே தென்பட்டாலும் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு, அந்த வைஃபை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும் செல்போன் நிறுவனத்தின் டேட்டா பக்கம் எளிதில் திரும்பாது. மேலே வைஃபை கோடுகள் நிறைந்திருக்கும், படம் மட்டும் போகாது. வைஃபை இல்லாத ஸ்டேடியத்தில் நெட் கிடைக்காவிட்டால் ரசிகர் செல்போன் நிறுவனத்தைத் திட்டுவார். வைஃபை போட்ட மறுநாளிலிருந்து உங்களைத் திட்டுவார். ஆகவே, கேலரி முழுவதையும் ஒழுங்காகச் செய்யப் பணம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால் என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதுவும் மரியாதையான வழிதான்.

பணக் கணக்கை விளையாட்டுத் துறையிடம் வெளிப்படையாகப் போட்டுக் காட்டுங்கள். கல்லூரி ஃபுட்பாலில் ஒரு சீசனுக்கு 12 ஆட்டம். சொந்த மைதானத்தில் நடப்பது 6 அல்லது 7. வெயிலும் பனியும் படும் கருவிகளுக்கு ஐந்து வருட ஆயுள் என்று வைத்தால், மிஞ்சினால் மொத்தம் 35 ஆட்ட நாள். உதாரணத்துக்குச் செலவு 40 லட்சம் டாலர் என்றால், ஓர் ஆட்டச் சனிக்கிழமைக்கு ஒரு லட்சத்து 14,000 டாலர் ஆகிறது. இந்த எண்ணைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். அதன் பிறகுதான் உருப்படியான பேச்சு தொடங்கும்: வைஃபை எதற்காக? டிக்கெட் போனுக்குள் போய்விட்டதால் வாயிலில் இணைப்பு வேண்டும். தின்பண்டக் கடைகளில் அட்டை தேய்க்க வேண்டும். பத்திரிகையாளர் அறைக்கு வேண்டும். சொகுசு அறைகளுக்குப் பணம் கட்டியவர்கள் கேட்கிறார்கள். மாணவர்கள் வீடியோ போட வேண்டும். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு பிரச்சினை, செலவும் வேறு. கடைகளின் கட்டண இயந்திரங்கள் வயர் இணைப்பில்தான் இருக்க வேண்டும். ரசிகர்களின் வைஃபையில் அவற்றை விடவே கூடாது.

கூடவே செல்போன் நிறுவனங்களான வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மூவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். டாஸ் எனப்படும், செல்போன் சிக்னலுக்கான பரவலான ஆன்டெனா அமைப்பை ஸ்டேடியத்தில் நிறுவ அவர்கள் முழுச் செலவையோ ஒரு பங்கையோ ஏற்பதுண்டு, ஏனென்றால் ஆட்ட நாளில் அவர்கள் வாடிக்கையாளர்களும் தவிக்கிறார்கள். டாஸுக்கும் வைஃபைக்கும் ஒரே குழாய்ப்பாதை, ஒரே கான்கிரீட் துளை, ஒரே கருவியறை. இரண்டையும் தனித்தனி வருடங்களில் செய்தால் ஒரே சுவரை இரண்டு முறை இடிப்பீர்கள். சில இடங்களில் வைஃபைச் செலவிலும் செல்போன் நிறுவனம் பங்கு போடும். பதிலுக்குத் தன் வாடிக்கையாளர்களின் போன்கள் பாஸ்பாயின்ட் முறையில் தானாக வைஃபைக்குள் வர வேண்டும் என்று கேட்கும். நியாயமான கோரிக்கைதான், ஒப்புக்கொள்ளலாம்.

இப்போது ரேடியோ. ஆக்சஸ் பாயின்ட்டை இனி ஏபி என்றே சொல்கிறேன். அலுவலகத்துக்கும் விடுதிக்கும் வைஃபை போட்ட கையோடு ஸ்டேடியத்துக்கு வருபவர்கள் சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். கேலரியில் சிக்னல் எட்டுவது பிரச்சினையே இல்லை, தேவைக்கு மேல் எட்டித் தொலைப்பதுதான் பிரச்சினை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்ற எல்லோரும் காது கொடுத்துக் கேட்டு, காற்று காலியானதும் பேச வேண்டும். இது தெருக் குழாயடி மாதிரி. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, குறுகிய வாய்க் குடத்தோடு வந்து சொட்டுச் சொட்டாகப் பிடிப்பவரும் வரிசையை நிறுத்திவிடுவார். தூரத்து ஏபியோடு 6 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 6 மெகாபிட்) வேகத்தில் பேசும் ஒரு போன், பக்கத்திலிருந்து 100 எம்பிபிஎஸ் வேகத்தில் முடித்துவிட்டுப் போகும் போனைவிடப் பல மடங்கு நேரத்தை விழுங்குகிறது. இந்த நேரத்துக்குப் பெயர் ஏர்டைம். ஸ்டேடியத்தில் நீங்கள் பங்கிடும் சரக்கு அது ஒன்றுதான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவையும் இது ஏர்டைமை மிச்சப்படுத்துகிறதா, வீணடிக்கிறதா என்று கேட்டே எடுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. ஏபி ஒவ்வொன்றும், தான் ஒலிபரப்பும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும், 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு பீக்கன் அனுப்பும். அது 300 பைட் என்று வைப்போம். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் 2.4 மில்லிசெகண்ட், ஒரு செகண்டில் ஏறத்தாழ பத்து முறை. அதாவது ஒரு பெயருக்கு ஏர்டைமில் 2.3 சதவீதம். ஒரே சேனலில் ஆறு ஏபி ஒன்றையொன்று கேட்கின்றன, ஒவ்வொன்றும் நான்கு பெயர்களை ஒலிபரப்புகின்றன என்றால், 24 பீக்கன்கள் சேர்ந்து பாதிக்கும் மேற்பட்ட ஏர்டைமைத் தின்றுவிடும். இன்னும் ஒரு ரசிகர்கூட உள்ளே வரவில்லை! அதே பீக்கனை 24 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் இந்தச் சுமை மொத்தமாக 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே வைஃபை பெயர்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. விளம்பரதாரருக்கு ஒன்று, சொகுசு அறைக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று என்று பெயர்கள் முளைக்கத் தொடங்கினால் இந்தக் கணக்கைக் காட்டி நிறுத்துங்கள். 12-க்கோ 24-க்கோ கீழுள்ள வேகங்களை அணைத்துவிடுங்கள்.

குறைந்த வேகங்களை அணைத்தால் ஏபியின் எல்லை சுருங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சுருங்காது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியும் அடிமட்ட வேகத்திலேயே போகிறது. தூரத்து ஏபிகள் அதைக் கேட்டுக் காத்திருக்கத்தான் செய்யும். அணைப்பதால் கிடைப்பது இரண்டு நன்மைகள்: பேச்சு சீக்கிரம் முடிகிறது, தூரத்துப் போன்கள் வந்து ஒட்டுவது குறைகிறது. எல்லையை உண்மையில் சுருக்க வேண்டுமானால் ஆன்டெனா, ஏபி வைக்கும் இடம், சக்தி, நடுவில் நிற்கும் தடை ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

சேனல்களைப் பார்ப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று. கேலரியில் அதை முழுக்க அணைத்துவிடுங்கள். இன்று கைகளில் இருக்கும் போன்களில் ஏறக்குறைய எல்லாமே 5-ஐ அறியும். 5 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்கள் 25. அவற்றில் 16, ரேடார்களோடு பங்கிட வேண்டியவை. ரேடார் கேட்டால் ஏபி உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த 16-ஐ ஒதுக்கினால் மிஞ்சுவது 9. ஆகவே அவை கட்டாயம் வேண்டும். சீசனுக்குச் சில மாதங்கள் முன்பே அங்கே ஓரிரு ஏபிகளை ஓடவிட்டு, எந்தச் சேனலில் ரேடார் தட்டுகிறது என்று பதிவு எடுத்து, தட்டியவற்றை மட்டும் நீக்குங்கள். பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் அதன் வானிலை ரேடாரினால் 120 முதல் 128 வரையிலான சேனல்கள் போகலாம். அகலத்தை 20-லேயே வையுங்கள். 40-க்கோ 80-க்கோ போனால் ஒரு போனின் வேகச் சோதனையில் அழகான எண் வரும், சேனல்களின் எண்ணிக்கையோ பாதியாகும், கால்வாசியாகும். 500 ஏபி, 25 சேனல் என்றாலே ஒவ்வொரு சேனலையும் ஒரே கேலரிக்குள் 20 முறை திரும்பப் பயன்படுத்துகிறீர்கள். அந்த 20 ஏபிகளும் ஒன்றையொன்று கேட்காமல் இருக்க வேண்டும். ஸ்டேடிய வடிவமைப்பின் மொத்தக் கஷ்டமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

திறந்த கேலரியில் ஒன்றையொன்று கேட்காமல் செய்வது எப்படி? எதிரும் புதிருமாகச் சாய்ந்த இரண்டு சரிவுகள், நடுவில் வெட்டவெளி. கிழக்குக் கேலரியில் உயரத்தில் வைத்த ஏபியை மேற்குக் கேலரி முழுக்கப் பார்க்கும். இதற்கு வந்த தீர்வுதான் இருக்கையடி. 2014-ல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் திறந்த லீவைஸ் ஸ்டேடியம், மொத்தம் 1,200 ஏபிகளை வைத்தது. கேலரியில் அவை ஏறத்தாழ நூறு இருக்கைக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கைகளுக்கு அடியில் போயின. அது தொழில்முறை அணியின் ஸ்டேடியம்தான், ஆனால் பிறகு பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டது அந்த வழியையே. ரசிகர்களின் உடம்பே தடுப்புச் சுவர். மனித உடல் பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும். நாலைந்து வரிசைக்கு அப்பால் சிக்னல் செத்துவிடுவதால் அதே சேனலைக் கொஞ்சம் தள்ளி மறுபடி பயன்படுத்தலாம். ஓர் ஏபிக்கு 75 இருக்கை என்று வைத்தால் உங்களுக்கு 600. நூறு என்று வைத்தால் 450.

ஆனால் இருக்கையடி முறை முதுகு சாயும் தனித்தனி இருக்கைகளை மனதில் வைத்துப் பிறந்தது. உங்களிடம் இருப்பதோ பெஞ்ச். பெட்டியை பெஞ்சுக்கு அடியில் வைத்தால் மேலே அலுமினியத் தகடு, பின்னால் இருப்பவரின் கால் வேறு. அந்தத் தகடு சிக்னலைத் தடுக்கும், கண்ட திசையில் திருப்பியும் விடும். அதனால்தான் உங்கள் பக்கத்து மாநிலமான இண்டியானாவில், 1930-ல் கட்டிய நாட்டர் டேம் ஸ்டேடியத்தைப் புதுப்பித்தபோது, 2017 சீசனுக்கு வைஃபை பெட்டிகளை கேலரியின் படிக்கட்டு ஓரக் கைப்பிடிக் கம்பிகளில் பொருத்தினார்கள். ஆன்டெனா இடுப்புயரத்தில் நின்று இரு பக்கமும் பெஞ்சு வரிசைகளைப் பார்க்கும். உடம்புத் தடுப்பும் கிடைக்கிறது, தகடும் குறுக்கே வருவதில்லை. பெட்டி படிக்கட்டின் அகலத்தைக் குறைக்கக் கூடாது. தீயணைப்பு அதிகாரியும், மாற்றுத் திறனாளிகளுக்கான விதிகளைப் பார்ப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களை முதல் வாரத்திலேயே அழையுங்கள். வடிவமைப்பு முடிந்த பிறகு அழைத்தால் எல்லாப் பெட்டியையும் இரண்டு அங்குலம் நகர்த்தச் சொல்வார்கள்.

உயரத்திலிருந்து அடிக்கும் முறையைக் கேவலமாகப் பேச மாட்டேன். மேல்தளம் நீட்டிக்கொண்டு கீழ்க் கேலரியை மூடும் இடங்களில், அந்த நீட்சியின் அடியில் குறுகிய கற்றை ஆன்டெனா மாட்டினால் அருமையாக வேலை செய்யும், கான்கிரீட்டில் துளையும் குறைவு. ஆனால் 1,07,601 பேர் உட்காரும் மிச்சிகன் ஸ்டேடியத்தை நினைத்துப் பாருங்கள். 1927-ல் நிலத்தைத் தோண்டி இறக்கிக் கட்டிய பெரிய பள்ளம் அது. கேலரிக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் விளக்குக் கம்பத்திலிருந்தோ பத்திரிகையாளர் மாடியின் விளிம்பிலிருந்தோதான் அடிக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கற்றை பல நூறு பேர் மீது விழும். செலவு குறையும், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஏர்டைமும் அதே விகிதத்தில் குறையும். உங்கள் ஸ்டேடியத்தில் பத்திரிகையாளர் மாடிக்குக் கீழுள்ள சில பகுதிகளுக்கு மட்டும் மேலிருந்து, மற்றவற்றுக்குக் கைப்பிடி என்று கலந்து செய்வது நல்லது.

பட்ஜெட்டில் ஏபியின் விலை சின்னப் பகுதிதான். பெரிய செலவு கான்கிரீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கைப்பிடிப் பெட்டிக்கும் கேபிள் கீழே நடைக்கூடத்துக்கு இறங்க வேண்டும், அதற்கு படியில் துளை போட வேண்டும். பழைய கட்டடத்தில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று ரேடார் வைத்துப் பார்க்காமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது, கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்தும் வேண்டும். துளையைச் சுற்றித் தண்ணீர் கசியாத அடைப்பு தேவை. இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கான்கிரீட்டையே பெயர்க்கும். பெட்டி தூசியும் நீர்ப்பீச்சலும் புகாத ஐபி66/ஐபி67 தரத்தில் இருக்க வேண்டும்: மழைக்காக மட்டுமல்ல, ஆட்டம் முடிந்த மறுநாள் துப்புரவுக் குழு அதிவேகத் தண்ணீர்க் குழாயோடு வரும். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. கேபிள் வளைந்து, ஏறி, இறங்கிப் போகும் பாதையைக் கணக்கிட்டால் நேர்த்தூரம் 60 மீட்டர்கூடத் தேறாது. ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தாலே அரை கிலோமீட்டருக்கு மேல். ஆக, பத்துப் பன்னிரண்டு கருவியறைகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குளிரூட்டல், யூபிஎஸ், இரண்டு வழியில் ஃபைபர். பழைய ஸ்டேடியத்தில் பூட்டிக் கிடக்கும் துடைப்ப அறைகளெல்லாம் இப்போது உங்கள் கண்ணுக்குப் பொன்னாகத் தெரியும்.

6 கிகாஹெர்ட்ஸ் விஷயம். 2020-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 59 புதுச் சேனல்கள். ஆசை வருவது இயல்பு. ஆனால் குறைந்த சக்தி வகை ஏபிகள் கட்டடத்துக்குள்ளே மட்டும்தான். அவற்றை மழை தாங்கும் உறையில் போடவோ வெளி ஆன்டெனா இணைக்கவோ அனுமதி இல்லை. திறந்த கேலரிக்கு வேண்டியது சாதாரண சக்தி வகை. அது 1,200-ல் 850 மெகாஹெர்ட்ஸில்தான் செல்லும், ஏஎஃப்சி என்னும் ஒருங்கிணைப்புச் சேவையிடம் தன் இருப்பிடத்தைச் சொல்லி, எந்தச் சேனல், எவ்வளவு சக்தி என்று தினமும் அனுமதி வாங்கியே இயங்க வேண்டும். ஏற்கெனவே அந்த அலைவரிசையில் ஓடும் மைக்ரோவேவ் இணைப்புகளைக் காப்பதற்கான ஏற்பாடு அது. 2024 பிப்ரவரியில்தான் எஃப்சிசி இந்தச் சேவைகள் வணிகரீதியாக இயங்க ஒப்புதல் தந்தது. அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் வானை நோக்கிப் போகும் சக்திக்கு 21 டிபிஎம் (சுமார் 125 மில்லிவாட்) என்ற வரம்பும் உண்டு. சின்ன எல்லைதான் நமக்கு வேண்டும் என்பதால் கைப்பிடிப் பெட்டிக்கு இது இடைஞ்சலே இல்லை. என் யோசனை: சொகுசு அறை, பத்திரிகையாளர் அறை ஆகிய மூடிய இடங்களில் 6-ஐ உடனே ஓட்டுங்கள். கேலரிக்கு வாங்கும் ஏபிகள் சாதாரண சக்தி 6-ஐ அறிந்தவையாக இருக்கட்டும், ஆனால் 45,000 பேரும் 5-இலேயே இருந்தாலும் தாங்கும்படி வடிவமையுங்கள். 6-க்கு வரும் ஒவ்வொரு போனும் 5-இல் வரிசையைக் குறைக்கும், அதை லாபம் என்று வைத்துக்கொள்வோம்.

ரேடியோ நன்றாக இருந்தும் பின்னால் இருக்கும் சாதனங்கள் காலை வாரும் கதைகள்தான் அதிகம். 45,000 பேரில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் இணைவார்கள் என்று வைத்து, 22,500 போன். உச்ச நேரத்தில் ஒரு போனுக்கு 0.4 எம்பிபிஎஸ் என்றால் 9 ஜிபிபிஎஸ். இரண்டு 10 ஜிபிபிஎஸ் இணைப்பு போதும், இரண்டும் வேறு வேறு பாதையில் வர வேண்டும். இந்தக் கணக்கை நம்பலாமா என்றால், 2020 பிப்ரவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பவுலில் (தொழில்முறை அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டம்) வைஃபை வழியே போனது 26 டெராபைட்டுக்குச் சற்று மேல். அதை எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 7 ஜிபிபிஎஸ் சொச்சம். உங்கள் சனிக்கிழமை ஆட்டம் சூப்பர் பவுல் அல்ல. அலுவலக வழக்கத்துக்கு மாறாக இங்கே பதிவேற்றம், பதிவிறக்கத்துக்குச் சமமாக நிற்கும்: டச்டவுன் விழுந்த அடுத்த நிமிடம் எல்லோரும் வீடியோ ஏற்றுவார்கள், அவர்களுக்கே தெரியாமல் போனும் படங்களைக் கிளவுடுக்கு அனுப்பும்.

முகவரி மாற்றத்தைக் கவனியுங்கள், அதாவது பல போன்கள் சில பொது இணைய முகவரிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை. ஒரு போன் சாதாரணமாக நூறு இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும். 22,500 போனுக்கு 22 லட்சத்துக்கு மேல். ஒரு பொது முகவரியில் பயன்படும் போர்ட்டுகள் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள்) சுமார் 64,000. ஆக முப்பத்தைந்து பொது முகவரியாவது வேண்டும், 64 ஒதுக்கிவிடுங்கள். எந்தப் போனுக்கு எந்தப் போர்ட் தொகுதி தரப்பட்டது என்ற பதிவு இருக்கட்டும். பதிப்புரிமைப் புகார் வந்தால் பதில் சொல்ல அதுதான் ஆதாரம். ஃபயர்வாலின் விளம்பரத் தாளில் ஜிபிபிஎஸ் எண்ணைப் பார்க்காதீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு, ஒரு செகண்டில் எத்தனை புது இணைப்பு என்பதைப் பாருங்கள். ஐபிவி6 என்னும் புதுவகை முகவரி கொடுத்தால் கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் போக்குவரத்து இந்தச் சுமையிலிருந்து விலகிக்கொள்ளும். உள் முகவரிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 65,534 முகவரி கொண்ட ஒரு தொகுதி, ஒரு போனுக்கு ஒரு முகவரி நாலைந்து மணி நேரக் குத்தகை. போனுக்குப் போன் பேசுவதையும், எல்லோருக்கும் கூவும் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளையும் முழுக்க அடைத்துவிடுங்கள்.

உள்நுழைவுப் பக்கம் வைக்காதீர்கள். மின்னஞ்சல் முகவரி திரட்ட வேண்டும் என்று மார்க்கெட்டிங் துறை கெஞ்சும். போன் இணைந்துவிட்டு, பக்கத்தை யாரும் திறக்காமல், பையில் கிடந்தபடியே முகவரியும் ஏர்டைமும் பிடித்துக்கொண்டிருக்கும். சட்ட நிபந்தனைகளை டிக்கெட்டிலேயே அச்சிடலாம். மாணவர், ஆசிரியர், எதிரணிப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவோர் எல்லோரும் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் எஜுரோம் வைஃபை வழியே தாமாகவே பாதுகாப்பாக இணைவார்கள். எதிரணி ரசிகர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு ஸ்கோர்போர்டில் கிடைக்காது. மற்றவர்களுக்கு ஒரு திறந்த பெயர், அதோடு வேறு நிறுவனங்களின் கணக்கிலேயே போன் தானாக இணையும் ஓப்பன்ரோமிங். 6 கிகாஹெர்ட்ஸில் மறைகுறியீடு இல்லாத திறந்த நெட்வொர்க்குக்கு இடமில்லை, ஆகவே அங்கே மேம்பட்ட திறந்த முறை வேண்டும். வாயில் திறக்கும் அரை மணி நேரத்தில் இணைபவர் யார் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வருக்கு வரும் கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். வளாகத்தின் வகுப்பறைகளுக்கு ஓடும் அதே சர்வரை இதற்கும் நம்பக் கூடாது.

தொலைக்காட்சி வண்டிகள், புகைப்படக்காரர்கள், வாத்தியக்குழு என்று ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் கொண்டுவந்து உங்கள் சேனல்களில் உட்காருவார்கள். வேண்டாத ஹாட்ஸ்பாட்டைத் துண்டித்துவிடும் பொத்தான் உங்கள் கன்ட்ரோலரில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 2014 அக்டோபரில், நாஷ்வில்லில் ஒரு ஹோட்டல் மாநாட்டு மையத்தில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டுகளை இப்படித் துண்டித்ததற்காக மேரியட் நிறுவனம் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. வைஃபையைத் தடுப்பது சட்டவிரோதம் என்று அடுத்த ஜனவரியில் எஃப்சிசி எல்லோருக்கும் எச்சரிக்கை விடுத்தது. செய்யக்கூடியது பேச்சுவார்த்தைதான்: பத்திரிகையாளர் அனுமதிச் சீட்டு தரும்போதே சேனல் ஒப்பந்தம், ஒவ்வொரு மேஜைக்கும் வேலை செய்யும் வயர் இணைப்பு. நல்ல வயர் கிடைத்தால் புகைப்படக்காரர் தானாகவே ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுவார்.

சோதனையைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. காலி ஸ்டேடியத்தில் எடுக்கும் அளவீடு நிறைந்த ஸ்டேடியத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் சுவர் இன்னும் வந்து உட்காரவில்லை. காலியாக இருக்கும்போது ஏபிகள் ஒன்றையொன்று உரக்கக் கேட்கும். தானியங்கி ரேடியோ நிர்வாகம் அதைப் பார்த்து எல்லாவற்றின் சக்தியையும் வெள்ளிக்கிழமை இரவு தரைமட்டத்துக்கு இறக்கி வைக்கும். சனிக்கிழமை 45,000 உடம்புகள் நடுவில் வந்ததும் எதிர் வரிசைக்கே சிக்னல் போகாது. ஆகவே கேலரியில் தானியங்கியை நிறுத்திவிட்டு, சேனலையும் சக்தியையும் கையால் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அளவீடுகளைப் பார்த்துத் திருத்துங்கள். 20 நிமிட இடைவேளையில் கூட்டம் நடைக்கூடத்துக்கு இடம்பெயர்வதைத் தனியாகக் கவனியுங்கள். கேலரி காலியாகும் அதே நேரத்தில் கழிப்பறை வரிசையில் நெரிசல் உச்சமாகும்.

பணம் முழுசாக இல்லையென்றால் என்ன என்று சொல்வதாகச் சொன்னேன். வாயில்கள், நடைக்கூடம், சொகுசு அறைகள், பத்திரிகையாளர் அறை, கடைகள் ஆகியவற்றை மட்டும் முதல் கட்டமாகச் செய்யுங்கள். கேலரியைச் செல்போன் நிறுவனங்களின் டாஸிடம் விட்டுவிடுங்கள். கேலரிக்கான குழாய்ப்பாதையையும் ஃபைபரையும் மட்டும் இப்போதே போட்டுவையுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு: நடைக்கூடத்தின் எஜுரோம் சிக்னல் கேலரி வாயில்கள் வழியே கசிந்தால், உள்ளே உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் போன்கள் அந்த நலிந்த சிக்னலைப் பிடித்துத் தொங்கும், டாஸ் பக்கம் போகவே போகாது. நடைக்கூட ஆன்டெனாக்கள் கேலரிக்கு முதுகு காட்ட வேண்டும், சக்தி குறைவாக இருக்க வேண்டும், நலிந்த சிக்னலோடு வரும் போனைச் சேர்க்கக் கூடாது.

நாமே செய்யலாமா? ஸ்விட்ச், ஃபைபர், ஃபயர்வால், முகவரி, ரேடியஸ் எல்லாம் நீங்கள் தினமும் செய்வதுதான். வெளியாரிடம் கொடுத்தால் இரண்டாவது சீசனில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். ரேடியோ வடிவமைப்பையும் பெட்டி பொருத்துவதையும் ஸ்டேடியங்களையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுங்கள். அலுமினிய பெஞ்சு உள்ள, கூரையில்லாத ஸ்டேடியத்தைச் செய்திருக்கிறார்களா என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் ஆட்களோடு விற்பனையாளர் இல்லாமல் பேசுங்கள். காலமும் குறைவு. நவம்பரில் சீசன் முடியும்போது தரை உறையத் தொடங்கும், மே மாதம் பட்டமளிப்பு விழா ஸ்டேடியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகஸ்ட் கடைசியில் அடுத்த சீசன். துளை போட உங்களுக்குக் கிடைப்பது வசந்தத்தில் சில வாரங்களும் கோடையும்தான். ஏப்ரலில் நடக்கும் பயிற்சி ஆட்டத்துக்குள் ஒரே ஒரு பகுதியையாவது, மாணவர் பகுதியாக இருந்தால் இன்னும் நல்லது, முழுமையாக முடித்து அன்றைய கூட்டத்தில் அளந்து பாருங்கள். ஒப்பந்தத்தில், கடைசித் தவணையை நிறைந்த ஸ்டேடியத்தில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்தின் அளவீடுகள் வந்த பிறகே கொடுப்பதாக எழுதிவிடுங்கள்.